மலைமேல் கோட்டை, கீழே ஆறு: அரசருக்குத் தண்ணீர் கொண்டுவர எது நல்ல வழி?

ஸ்பெயினின் டொலேடோ நகரத்தில் 16-ஆம் நூற்றாண்டில் மலைமேல் கோட்டைக்காகக் கட்டிய நீரேற்று இயந்திரத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. ஆற்றுத் தண்ணீரை ஏறத்தாழ 90 மீட்டர் மேலே ஏற்ற அத்தனை சக்கரமும் கரண்டியும் எதற்கு? உயரமான இடத்தில் ஒரு ஊற்றைப் பிடித்து, அங்கிருந்து குழாய் போட்டு முடித்திருக்கலாமே? மறுமலர்ச்சிக் காலக் கோட்டையை வைத்துக் கதை எழுதுகிறவர்களும், கல்லூரிக்கு மாதிரி செய்கிற மாணவர்களும் இதே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். தங்கள் கோட்டைக்குக் குழாயா, இயந்திரமா, கிணறா?

அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் உண்மையில் கட்டப்பட்ட ஏற்பாடுகளையே எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட், வின்ட்சர், ஸ்பெயினின் டொலேடோ, பாரிஸ், ஜெர்மனியின் கோனிக்ஸ்டைன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே ஊற்று இருக்கும் இடத்தில் குழாயை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஊற்று இல்லாத இடத்தில், இயந்திரத்தின் அமைப்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால், அதை ஓட்டுகிறவருக்கு யார் பணம் கொடுப்பார்கள், வரும் தண்ணீர் யாருக்குச் சேரும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் மட்டம். தண்ணீர் எடுக்கும் இடம் கோட்டை முற்றத்தைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே இருந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் பள்ளம் இருந்தாலும் பரவாயில்லை. கொத்தனார் தண்ணீர் டியூபை வைத்து மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டியூப் நடுவில் எவ்வளவு தொங்கினாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். மூடிய குழாயும் அப்படித்தான், பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் தானாக ஏறிவிடும். ஆனால் பள்ளத்தின் அடியில் குழாய்க்குள் அழுத்தம் கூடும். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. அந்தக் காலத்து ஈயக் குழாய் என்பது ஈயத் தகட்டைச் சுருட்டி, ஓரத்தைப் பற்றவைத்துச் செய்தது. அழுத்தம் கூடினால் முதலில் வாய் பிளப்பது அந்த ஒட்டுதான்.

அடுத்தது அளவும் பயன்பாடும். சமையலுக்கும் குடிக்கவும் வேண்டிய தண்ணீரைக் கழுதைமேல் கூடச் சுமந்து வரலாம். நீரூற்றுக்கு அப்படி முடியாது; அதற்கு இரவும் பகலும் நிற்காத அழுத்தம் வேண்டும். அரசர் தோட்டத்தில் பீய்ச்சும் நீரூற்று கேட்கிறாரா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் ஆகும் செலவு. நான்காவது, எதிரி சூழ்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பது. ஐந்தாவது, உரிமை: குழாய் யார் நிலத்தில் போகிறது, தண்ணீரில் யாருக்குப் பங்கு உண்டு. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டொலேடோவைக் கவிழ்த்தது அதுதான்.

ஊற்றிலிருந்து ஈயக் குழாய்: ஹாம்ப்டன் கோர்ட், வின்ட்சர்

ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை தேம்ஸ் ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. 1514-ல் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கார்டினல் வுல்சி. பிறகு அது எட்டாம் ஹென்றியின் கைக்குப் போனது. வாசலில் ஆறு ஓடும்போதும், குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீரை நம்பாமல், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தள்ளியிருந்த கூம் குன்றின் ஊற்றுகளிலிருந்து குழாய் போட்டார்கள். குன்றின்மேல் செங்கல்லால் சிறு ஊற்று வீடுகள் கட்டி, அங்கே தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, மண்டி அடியில் படிந்த பிறகே குழாய்க்குள் விட்டார்கள். அந்தக் குழாய் கிங்ஸ்டன் அருகே தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் புகுந்து மறுகரை ஏறி அரண்மனைக்குப் போனது. குன்றின் உயரமே அழுத்தத்தைக் கொடுத்தது. சக்கரம் கிடையாது, மாடு கிடையாது, ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. 1876 வரை இந்த ஏற்பாடு வேலை செய்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேல்! இந்தக் கட்டுரையில் வரும் வேறெந்தக் குழாயும் இயந்திரமும் இதன் கிட்டே வர முடியாது.

வின்ட்சர் கோட்டை இன்னும் கடினமான இடம், ஏனென்றால் அது மேட்டின்மேல் நிற்கிறது. அங்கே 1550-களில் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், விங்க்ஃபீல்டு அருகே இருந்த பிளாக்மோர் பூங்காவிலிருந்து ஈயக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறாம் எட்வர்டு காலத்தில் தொடங்கிய வேலை, மேரி அரசியின் காலத்தில் மேல் முற்றத்தில் நீரூற்றாக முடிந்தது. மேட்டின் உச்சிக்கே தண்ணீர் தானாக ஏறியது என்றால், ஊற்று அதற்கும் மேலே இருந்தது என்று பொருள். மட்டம் பார்த்தவர்கள் தங்கள் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

இதன் மறைமுகச் செலவு ஈயத்தில் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் ஈயக் குழாய் என்பது சாதாரண அரசருக்கு எட்டாத செலவு. இங்கிலாந்து அரசர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. 1536-க்கும் 1540-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது அவற்றின் ஈயக் கூரைகள் அரசுடைமையாயின. இப்படி ஒரு ஈயக் குவியல் உங்கள் அரசரிடம் இல்லையென்றால், துளையிட்ட மரக் குழாயையோ சுடுமண் குழாயையோதான் நம்ப வேண்டும். மரம் உளுத்துப்போகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுடுமண் மலிவு, ஆனால் பள்ளத்தில் அழுத்தம் தாங்காது. ஈயத்துக்கு உடல்நலக் கேடும் உண்டு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கிறிஸ்துவுக்கு முன்பே, ஈயத்தைவிடச் சுடுமண் குழாயில் வரும் தண்ணீரே உடம்புக்கு நல்லது என்று எழுதிவிட்டார். மறுமலர்ச்சிக்காரர்கள் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். இந்த அறிவுரையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று திருட்டு. குழாய் ஊர் வழியாகப் போனால் யாராவது துளை போடுவார்கள். 1478-ல் லண்டனில் தன் வீட்டு வாசலில் போன பொதுக் குழாயைத் துளைத்துத் தண்ணீர் எடுத்த ஒருவரைக் குதிரையில் ஏற்றி, தலையில் ஒழுகும் பாத்திரத்தை வைத்து ஊர்வலம் விட்டார்கள். அப்புறம் முற்றுகை. குழாயின் வழி தெரிந்த எதிரிக்கு ஒரு கடப்பாரை போதும். ஹாம்ப்டன் கோர்ட் சண்டைக்காகக் கட்டியதல்ல, அதனால் இது அங்கே பொருட்டில்லை. எல்லையில் நிற்கும் கோட்டைக்கு இதுவே பெரிய ஓட்டை.

ஆற்றிலிருந்து ஏற்றும் இயந்திரம்: டொலேடோ

டொலேடோ நகரத்தைத் தாகஸ் ஆறு மூன்று பக்கமும் ஆழமான பள்ளத்தாக்காகச் சுற்றி ஓடுகிறது. நகரத்தின் உச்சியில் அல்காசர் கோட்டை. கண்ணெதிரே ஆறு, ஆனால் குடிக்கத் தண்ணீர் கழுதைமேல்தான் ஏறிவந்தது.

குழாய் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். ரோமானியர்கள் அதைச் செய்தார்கள். தெற்கே பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி அல்காந்தரில்லா என்ற இடத்தில் அணை கட்டி, கால்வாய் வழியே கொண்டுவந்து, தாகஸ் பள்ளத்தாக்கைக் கடக்கச் செய்து நகரத்துக்குள் விட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அந்த அணையும் கால்வாயும் பயன்படாமல் போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. அதை மீட்பது ஒரு பேரரசின் வேலை. மலையடியில் ஓடும் ஆற்றையே மேலே ஏற்றுவது அதைவிட எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1520-களில் ஜெர்மன் நிபுணர்கள் பம்ப் வைத்து முயன்றார்கள். குழாய்கள் வெடித்தன. மேலே பார்த்த கணக்கைப் போட்டாலே காரணம் தெரியும். 90 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரே குழாயில் நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோ. பற்றவைத்த ஒட்டு அதைத் தாங்காது.

ஹுவானெலோ துரியானோ இந்த இடத்தில்தான் தன் அறிவைக் காட்டினார். இத்தாலியின் கிரெமோனாவில் பிறந்தவர். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கடிகாரக்காரர். பேரரசர் பதவியைத் துறந்து யூஸ்தே மடத்தில் கழித்த கடைசி நாட்களிலும் உடனிருந்தவர். அவர் தண்ணீரைக் குழாயில் அழுத்தவே இல்லை. ஆற்றோரத்தில் பெரிய நீர்ச்சக்கரங்கள். அவற்றின் சுழற்சியை முன்னும் பின்னும் ஆடும் அசைவாக மாற்றி மலைச்சரிவில் மேலே கொண்டுபோகும் மரத் தண்டுகள். அந்த அசைவில் ஆடும் உலோகக் கரண்டிகள். ஒரு கரண்டி சாய்ந்து அடுத்ததில் ஊற்றும், அது நிமிர்ந்து அதற்கு மேலுள்ளதில் ஊற்றும். இப்படித் தண்ணீர் கைமாறிக் கைமாறி அல்காசர் வரை ஏறியது. எல்லாம் திறந்த பாத்திரம் என்பதால் எங்குமே அழுத்தம் சேரவில்லை. கடிகாரம் செய்கிறவருக்குத்தான் இந்த வழி தோன்றும் என்று நினைக்கிறேன். ஒரே பெரிய விசையைப் பல சிறிய அசைவுகளாகப் பிரிப்பதுதானே அவர் வாழ்நாள் வேலை. அவர் கைப்பட வரைந்த படம் எதுவும் கிடைக்காததால், கரண்டிகளின் சரியான அமைப்பைப் பற்றி இன்றும் ஆய்வாளர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. மாதிரி செய்யும் மாணவர்கள் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

1565-ல் ஒப்பந்தம். 1569-ல் தண்ணீர் ஏறியது, நாளுக்கு 10,000 லிட்டருக்கு மேல், ஒப்பந்தம் கேட்டதைவிடக் கூடுதலாகவே. இயந்திரமாகப் பார்த்தால் முழு வெற்றி.

பிறகுதான் தொல்லை. தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் அல்காசர், அதாவது அரசரின் இடம். அங்கே சேர்ந்ததெல்லாம் அரசருக்கே என்று ஆனது. பணம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த நகரமோ, எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டது. நியாயம்தானே! ஆனால் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டியவர் ஹுவானெலோ. 1575-ல் புது ஒப்பந்தம் போட்டு நகரத்துக்கென்று இரண்டாவது இயந்திரம் தொடங்கினார்கள், அது 1581-ல் முடிந்தது. அதற்குள் அவர் கடனில் மூழ்கியிருந்தார். பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் 1585-ல் வறுமையில் இறந்தார். ஐரோப்பாவே வியந்து பேசிய ஒரு கலைஞனுக்கு இந்த முடிவு வந்தது என்பதை என்னால் இன்றும் சாதாரணமாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒரு தேதி உண்டு. ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் தன் அரசவையை டொலேடோவிலிருந்து மாட்ரிட்டுக்கு மாற்றியது 1561-ல். ஒப்பந்தம் அதற்கு நான்கு ஆண்டுகள் பிறகு. ஆகவே, அரசர் நிரந்தரமாகக் குடியிருக்காத கோட்டைக்குத்தான் இந்த இயந்திரம் நாள் தவறாமல் தண்ணீர் ஏற்றியது. பராமரிப்புக்குப் பணம் கேட்கும்போது கேட்பதற்குக் கூட ஆள் அருகில் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின.

மறைமுகச் செலவு என்றால் எல்லாமே இங்கே இருக்கிறது. மரத் தண்டு தேயும், இணைப்பு தளரும், வெள்ளம் வந்தால் சக்கரம் போகும், கோடையில் ஆறு வற்றினால் சக்கரம் நிற்கும். அசைவுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகியிருக்கும். அதைப் புரிந்துகொண்டு பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான்.

பாலத்தடி பம்ப்: பாரிஸ்

உயரம் குறைவாக இருந்தால் கதையே வேறு. பாரிஸில் நான்காம் ஹென்றி, லூவ்ர், துய்லெரி அரண்மனைகளுக்காகப் புதுப்பாலத்தின் ஓரத்தில் சேன் ஆற்றில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் பம்ப் வைக்கச் செய்தார். செய்தவர் ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஜான் லிண்ட்லேயர். வேலை முடிந்தது 1608-ல். ஏற்ற வேண்டிய உயரம் டொலேடோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, எனவே குழாய் தாங்கியது. இயேசுவுக்குத் தண்ணீர் கொடுத்த சமாரியப் பெண்ணின் உருவம் அதன் முகப்பில் இருந்ததால் சமாரிடேன் என்று பெயர்.

படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நகர வணிகர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது, அரசர் கேட்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுதாகப் புதுப்பித்தார்கள், 1813-ல் இடித்தார்கள். இரண்டு நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் எளிது: பழுதானால் அரசரின் அரண்மனையில்தான் தண்ணீர் நிற்கும். தண்ணீரின் தரத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம். ஒரு பெரிய நகரத்தின் நடுவில் ஓடும் ஆற்று நீர் அது.

ஆழ்கிணறு: கோனிக்ஸ்டைன்

இது அரசரின் கோட்டை இல்லை, சாக்சனி நாட்டுத் தேர்வுரிமை இளவரசர் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளர்) அகஸ்டஸின் கோட்டை. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் இதை விட முடியாது. எல்பே ஆற்றுக்கு மேலே 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் தட்டையான பாறைமேல் நிற்கிறது. குழாயில் கொண்டுவர அதைவிட உயரமான ஊற்று இல்லை. ஆற்றிலிருந்து ஏற்றுவதை நினைக்கவே வேண்டாம். 1563-லிருந்து 1569 வரை, ஃப்ரைபெர்க் சுரங்கத்து நிபுணர் மார்ட்டின் பிளானர் தலைமையில், பாறையைக் குடைந்து 152.5 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டினார்கள். ஹுவானெலோவின் இயந்திரம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

குடைந்துகொண்டிருக்கும்போதே ஊறிய தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது, வேலையை மெதுவாக்கியதில் அதற்கும் பங்குண்டு. முடிந்த பிறகும் ஒவ்வொரு வாளியையும் ஆட்கள் மிதிக்கும் சக்கரத்தால்தான் மேலே இழுத்தார்கள். தோட்டத்து நீரூற்றுக்கு இது உதவாது. ஆனால் கோட்டைக்கு வெளியே வெட்டுவதற்கு எதுவுமே இல்லை. சுற்றிலும் எத்தனை ஆயிரம் படை நின்றாலும் உள்ளே தண்ணீர் இருக்கும்.

மறைமுகச் செலவு: கைதேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள் உங்கள் நாட்டிலேயே இருக்க வேண்டும். சாக்சனிக்கு ஃப்ரைபெர்க் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. பிராகாவிலும் இதே கதைதான். பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1582-லிருந்து 1593 வரை, தன் வேட்டைப் பூங்காவின் குளத்துக்கு வல்டாவா நதி நீரைக் கொண்டுவர லெட்னா மேட்டுக்கு அடியில் ஏறத்தாழ 1,100 மீட்டர் சுரங்கக் கால்வாய் குடையச் செய்தார். அங்கே கை கொடுத்தவர்கள் குத்னா ஹோரா சுரங்கத் தொழிலாளர்கள்.

மழைநீர்த் தொட்டியைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. அது எல்லாக் கோட்டைக்கும் கூடவே இருக்க வேண்டியது. கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்தால் தீயணைக்கவும் குதிரைக்கும் ஆகும். அதை மட்டும் நம்பினால் ஒரு வறண்ட ஆண்டு போதும் கோட்டையைக் காலி செய்ய.

ஒரே பார்வையில்

| | ஊற்றுக் குழாய் | கரண்டி இயந்திரம் | ஆற்று பம்ப் | ஆழ்கிணறு |
|---|---|---|---|---|
| முன்மாதிரி | ஹாம்ப்டன் கோர்ட், வின்ட்சர் | டொலேடோ | பாரிஸ் | கோனிக்ஸ்டைன் |
| மட்டம் | ஊற்று மேலே இருக்க வேண்டும் | ஆறு மிகக் கீழே இருந்தாலும் ஆகும் | சிறிய உயரம் மட்டும் | பொருட்டில்லை |
| முதல் செலவு | ஈயம் | வடிவமைப்பு, மரம், உலோகம் | நடுத்தரம் | ஆண்டுக்கணக்கான உழைப்பு |
| ஆண்டுச் செலவு | குறைவு | மிக அதிகம் | அதிகம் | இறைக்கும் ஆட்கள் |
| நீரூற்றுக்கு ஆகுமா | நன்றாக ஆகும் | தொட்டி வைத்தால் ஓரளவு | ஆகும் | ஆகாது |
| தண்ணீரின் தரம் | நல்லது, ஈயம் மட்டும் உறுத்தல் | ஆற்று நீர் | நகர ஆற்று நீர் | நல்லது |
| முற்றுகையில் | எளிதில் வெட்டலாம் | ஆற்றங்கரையிலேயே உடைக்கலாம் | உடைக்கலாம் | பாதுகாப்பு |

எந்தக் கோட்டைக்கு எது

சமாதானமான நாட்டில், பக்கத்துக் குன்றில் ஊற்று இருந்தால் குழாய். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஊற்று 8 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரிதான், வின்ட்சர் அதைக் காட்டிவிட்டது. போகும் வழி நிலமெல்லாம் அரசருடையதா என்று மட்டும் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருக்கும் இடத்தில் ஈயம், மற்ற இடத்தில் சுடுமண் என்று கலந்து போட்டால் செலவும் குறையும், உடம்புக்கும் நல்லது.

எல்லைக் கோட்டை என்றால் கிணறு. ஆறு ஆண்டானாலும் தோண்டத்தான் வேண்டும். அதுவரைக்கும் மழைநீர்த் தொட்டி.

தலைநகரில் ஆற்றங்கரை அரண்மனை என்றால் பம்ப், கூடவே குடிநீருக்கு ஊற்றுக் குழாய். உயரம் அதிகமென்றால் பம்பை எடுக்காதீர்கள். அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்: 1681-ல்தான் சாமுவேல் மார்லண்ட், இரண்டாம் சார்லஸ் அரசர் முன்னிலையில் தேம்ஸ் தண்ணீரை வின்ட்சர் கோட்டை உச்சிக்கு பம்ப் செய்து காட்டினார். 1550-களில் குழாய் வந்த அதே கோட்டை!

டொலேடோ மாதிரியான இடம், அதாவது உச்சியில் கோட்டை, பள்ளத்தில் ஆறு, மேலே ஊற்று இல்லை, ஆனால் கோட்டையைச் சுற்றி ஒரு நகரமே தாகத்தில் இருக்கிறது என்றால், ஹுவானெலோவின் இயந்திரத்தைத்தான் நானும் எடுப்பேன். ஒப்பந்தத்தை மட்டும் வேறு மாதிரி எழுதுவேன். மேலே வந்து சேரும் தொட்டியைக் கோட்டை மதிலுக்கு வெளியே வைப்பேன். நகரத்தின் பங்கு அங்கேயே அளந்து பிரிந்துவிட வேண்டும், மீதிதான் உள்ளே போக வேண்டும். கட்டும் செலவில் பாதி வேலை தொடங்கும் முன்பே கைக்கு வர வேண்டும். இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் அவரிடம் பழகும் இரண்டு உதவியாளர்களுக்கும் சம்பளம், அரசவை எந்த ஊருக்குப் போனாலும், ஆண்டுதோறும் கருவூலத்திலிருந்து வரும் என்று அரசரின் முத்திரையோடு ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியில்லாமல் ஆற்றில் ஒரு முளைகூட அடிக்க மாட்டேன்.